மருத்துவ மாணவர்களுக்கு இணைய விவாதம் நடத்துவது எப்படி: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வார்டில் ஒரு படுக்கையைச் சுற்றி இருபது மாணவர்கள் நிற்கும்போது, ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு முன்னால் நிற்கும் மூன்று நான்கு பேரே விடை சொல்கிறார்கள் என்பதை மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த எவரும் அறிவார். பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது; அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ரவுண்ட்ஸ் அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறது. இணைய விவாத மன்றம் அந்த மாணவர்களுக்கு அவகாசம் தருகிறது. நோயாளியின் விவரத்தை இரண்டு முறை படித்து, பாடநூலைப் புரட்டி, தமக்குத் தோன்றியதையும் அது ஏன் தோன்றியது என்பதையும் அவர்கள் எழுதிவைக்கலாம். ஆசிரியருக்குக் கிடைக்கும் ஆதாயம் இன்னும் பெரியது: மாணவரின் சிந்தனை எந்த இடத்தில் தடம் மாறியது என்பதை, வாய்மொழித் தேர்வின் பதற்றத்தில் பார்க்கவே முடியாத தெளிவோடு, எழுத்தில் பார்க்கலாம்.

இந்தியாவில் 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாணவர் தாமே கற்பதற்கென்று தனி மணிநேரங்களும், மனப்பான்மை, அறம், பேச்சுத் தொடர்பு ஆகியவற்றைக் கற்பிக்கும் ‘ஏட்காம்’ பகுதியும் அதில் உண்டு. இந்த மணிநேரங்களை எப்படிச் செலவிடுவது என்று தெரியாமல் மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பிவைக்கும் துறைகள் இன்றும் இருக்கின்றன. இணைய விவாதம் நன்றாகப் பொருந்துவது அங்கேதான். இதுவரை அப்படி ஒரு விவாதத்தை நடத்தியிராத உதவிப் பேராசிரியர் ஒருவரை மனத்தில் வைத்து, தொடங்குவது முதல் முடித்து வைப்பது வரை வரிசையாகக் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதற்படி: எதை விவாதத்துக்கு விடுவது

படித்தவர்கள் இருவர் நேர்மையாக யோசித்தாலும் வேறு வேறு முடிவுக்கு வரக்கூடிய விஷயமே விவாதத்துக்கு உரியது. மிட்ரல் வால்வு சுருக்கத்தின் அறிகுறிகளை எழுதுக என்று கேட்டால் முதல் மாணவர் பாடநூலில் உள்ளதை எழுதுவார்; அடுத்த ஒன்பது பேர் ஒப்புக்கொள்கிறோம் என்பார்கள். அதே நோயுள்ள, 28 வாரக் கர்ப்பிணியான ஒரு பெண் மூச்சுத்திணறலோடு தாலுகா மருத்துவமனைக்கு இரவில் வருகிறார், அங்கே எக்கோ எனும் இதய ஸ்கேன் வசதி இல்லை, உங்கள் முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் எழுதுவார்கள், அந்த வரிசைகளைப் பற்றிப் பேசலாம்.

கைத்திறனை இங்கே கற்பிக்க முயல வேண்டாம். மண்ணீரலைத் தொட்டறிவதற்கு நோயாளியின் வயிறு வேண்டும். பாடக்குறிப்பு, வருகைப்பதிவு, தேர்வு அறிவிப்பு ஆகியவற்றுக்கும் வேறு இடம் வைத்துக்கொள்ளுங்கள். மன்றம் ஒருமுறை அறிவிப்புப் பலகையாகிவிட்டால் மாணவர்கள் அதை அப்படியே பார்க்கப் பழகிவிடுவார்கள்.

ஏட்காம் தலைப்புகளுக்கு இந்த முறை மிகவும் ஒத்துவரும். “அப்பாவிடம் புற்றுநோய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்” என்று மகன் வந்து கேட்பது நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் நடப்பது. நோயாளியின் உரிமை ஒரு பக்கம், குடும்பம் கூடி முடிவெடுக்கும் நம் வழக்கம் ஒரு பக்கம் என்று மாணவர்கள் உண்மையாகவே பிரிந்து நிற்பார்கள். வகுப்பில் ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கும் கருத்தை எழுத்தில் சொல்லும் துணிவு பலருக்கு இருப்பதை இத்தலைப்பில் காணலாம்.

இரண்டாம் படி: தளமும் அமைப்புகளும்

கல்லூரியில் மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் தளம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 2002இல் வெளிவந்த இந்தத் திறந்தமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. கல்லூரியின் கணினிப் பிரிவு ஒரு சர்வரில் நிறுவித் தந்தால் போதும், மாணவர்கள் கைப்பேசிச் செயலி வழியாகவே பங்கேற்கலாம். அதில் மன்றம் ஒன்றைச் சேர்க்கும்போது எந்த வகை என்று கேட்கும். பொதுப் பயன்பாட்டு மன்றம், ஒற்றை விவாதம், ஆளுக்கு ஒரு விவாதம் என்று உள்ள வகைகளுக்கு நடுவே ‘கேள்வி-பதில்’ என்ற வகையும் இருக்கும். புதியவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. இந்த வகையில் மாணவர் தம் விடையை எழுதிய பிறகே மற்றவர்களின் விடைகள் அவருக்குத் தெரியும். எழுதியதைத் திருத்திக்கொள்வதற்கான நேரமும், வழக்கமாக 30 நிமிடம், கடந்த பிறகுதான் தெரியும். முதல் விடையைப் பார்த்து எழுதும் பழக்கத்துக்கு இந்த ஒரே அமைப்பு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறது.

அடுத்து, குழு முறையில் ‘தனிக் குழுக்கள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மின்னஞ்சல் அறிவிப்பை அன்றாடத் தொகுப்பாக மாற்றிக்கொள்ள மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு மறுமொழிக்கும் ஒரு மின்னஞ்சல் போனால் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் படிக்காமல் அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். இணைக்கும் படங்களின் அளவை 1 எம்பிக்குள் வைத்தால் விடுதி வைஃபையிலும் திறக்கும்.

மூடில் இல்லாத கல்லூரியில் கூகுள் கிளாஸ்ரூமில் ‘கேள்வி’ என்ற வகையைப் பயன்படுத்தலாம். மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதிலளிக்கலாம் என்ற தெரிவை அதில் இயக்கிவிட்டால் ஓரளவு இதே பலன் கிடைக்கும். வாட்ஸ்அப் குழு எல்லோரிடமும் இருக்கிறது என்பதற்காக அதையே விவாத மேடையாக்க வேண்டாம். ஒரு கேள்விக்கு வந்த மறுமொழி நாற்பது ‘நன்றி சார்’களுக்கும் ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கும் கீழே போய் ஒளிந்துகொள்ளும், மாணவிகளின் கைப்பேசி எண்கள் எல்லோருக்கும் தெரியவரும், நோயாளியின் படம் ஒரு நொடியில் வேறு குழுவுக்குத் தாவிவிடும். “இன்று மன்றத்தில் அடுத்த பகுதி வந்திருக்கிறது” என்று மணி அடிப்பதற்கு மட்டும் வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நோயாளியின் மறைவுரிமை

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. அடையாளம் தெரியும் வகையில் நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவர் அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகத் தொழில்நெறி விதிமுறைகள் சொல்கின்றன. கல்லூரி மன்றம் இதழ் ஆகாதே என்று வாதாடலாம். நூற்றைம்பது பேர் கைப்பேசியில் திறக்கும் ஒன்று எத்தனை பேரைச் சென்றடையும் என்று யோசித்தால் அந்த வாதம் நிற்காது. எனவே படமோ, அடையாளம் காட்டக்கூடிய விவரமோ இருந்தால் நோயாளியிடம் அவருக்குப் புரியும் தமிழில் எழுத்து ஒப்புதல் வாங்குங்கள். அறுவை சிகிச்சைக்கு வாங்கும் ஒப்புதல் படிவத்தில் இது அடங்காது. மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்பதை அவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும். கல்லூரியின் அறநெறிக் குழுவிடமும் மருத்துவக் கல்விப் பிரிவிடமும் ஒருமுறை பொது அனுமதி பெற்று வைத்துக்கொண்டால் பின்னர் சிக்கல் வராது.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். உள்நோயாளி எண், சேர்க்கைத் தேதி, ஊர், தொழில், வயது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தாலே ஆள் யாரென்று அந்த ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும். ‘செங்கல்சூளையில் வேலை செய்யும் 43 வயதுப் பெண், இன்ன கிராமம்’ என்பதை ‘நாற்பதுகளில் உள்ள ஒரு கூலித் தொழிலாளி’ என்று மாற்றுங்கள். தொழில் நோயோடு தொடர்புடையதாக இருந்தால் மட்டும் அதை வைத்துக்கொண்டு ஊரை விட்டுவிடுங்கள். தேதிகளைக் ‘காய்ச்சலின் 3ஆம் நாள்’ என்பது போல நாள்கணக்காக்குங்கள்.

படங்களில் தவறு நுழையும் இடங்கள் வேறு. எக்ஸ்ரே படத்தின் மூலையில் பெயரும் எண்ணும் அச்சாகியிருக்கும். சி.டி. ஸ்கேன் கோப்பை அப்படியே ஏற்றினால் அதன் தலைப்புப் பகுதியில் நோயாளியின் விவரம் முழுவதும் மறைந்திருக்கும். ஆகவே தேவையான காட்சியைத் தனிப் படமாக எடுத்து ஏற்றுங்கள். கைப்பேசியில் எடுத்த ஒளிப்படத்தில் எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். பச்சை குத்திய பெயர், தாலி, பின்னணியில் தெரியும் கேஸ் ஷீட், படுக்கை எண் இவற்றையும் பார்த்து வெட்டுங்கள். கண்ணின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டும் பழைய வழக்கத்தால் பயனில்லை. முகத்தைத் தெரிந்தவர் தெரிந்துகொண்டே தீர்வார்.

சில கேஸ்களை எடுக்காமல் இருப்பதே நல்லது. எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குழந்தை, சட்ட மருத்துவ வழக்கு நிலுவையில் உள்ளவர் ஆகியோரைப் பற்றிக் கற்பிக்க வேண்டியிருந்தால் முழுக்கக் கற்பனையான கேஸ் ஒன்றை எழுதி, இது கற்பனை என்று மேலேயே குறிப்பிடுங்கள். பொதுவாக எந்தக் கேஸாக இருந்தாலும் நோயாளி வீடு திரும்பிய பிறகு எடுப்பது உகந்தது. வார்டில் இன்னும் படுத்திருப்பவரைப் பற்றி மன்றத்தில் எழுந்த யோசனையை ஓர் இன்டர்ன் அப்படியே மருந்துச் சீட்டில் எழுதிவிடும் ஆபத்தை அது தவிர்க்கும். சிகிச்சை முடிவு யூனிட் தலைவருடையது என்ற வரி மன்றத்தின் முகப்பில் எப்போதும் இருக்கட்டும்.

நான்காம் படி: குழுவும் கால அளவும்

150 பேர் கொண்ட வகுப்பை ஒரே மன்றத்தில் விட்டால் பத்துப் பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு பேசுவதற்கு ஏற்றது. ஒருவர் எழுதாவிட்டால் அது தெரியும். பதினைந்து குழுக்களை ஓர் ஆசிரியரால் தொடர முடியாது என்பது உண்மையே. முதுநிலை மாணவர்களை ஆளுக்கு இரண்டு குழுவுக்கு நெறியாளராக்கலாம், அவர்களுக்கும் கற்பித்தல் பயிற்சி வேண்டும். ஆளே இல்லாத துறையில், குழுவுக்குள் மாணவர்கள் தாமே பேசி முடித்து, குழுவின் சார்பில் ஒருவர் மட்டும் பொது மன்றத்தில் எழுதும்படி வைத்தால், ஆசிரியர் படிக்க வேண்டியது பதினைந்து பதிவுகளாகச் சுருங்கும்.

ஒரு கேஸுக்கு 7 முதல் 10 நாள் கொடுங்கள். அதைவிடக் குறைந்தால் யோசிக்க நேரமில்லை. நீண்டால் சூடு ஆறிவிடும். உள் மதிப்பீட்டுத் தேர்வு வாரத்திலும் பொங்கல், தீபாவளி விடுமுறையை ஒட்டியும் தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: முதல் வாரம்

இங்கிலாந்தின் கில்லி சால்மன் இணையக் கற்றலை ஐந்து நிலைகளாகப் பிரித்துச் சொன்னார்: உள்ளே நுழைதல், பழகுதல், தகவல் பரிமாறுதல், அறிவைக் கூட்டாகக் கட்டுதல், அதன்பின் தானாக வளர்தல். புதிய நெறியாளர்கள் முதல் இரண்டு நிலைகளையும் தாண்டி மூன்றாவதில் குதிக்கிறார்கள். முதல் வாரத்தில் கேஸ் போடாதீர்கள். உள்நுழைய முடியாதவர்களைக் கண்டுபிடித்துக் கடவுச்சொல்லைச் சரிசெய்யுங்கள். பிறகு, தவறாக இருக்கவே முடியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் போஸ்டிங்கில் நீங்கள் பார்த்ததில், பாடநூலில் படித்ததிலிருந்து மாறுபட்டிருந்தது எது?

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. தமிழ்வழியில் படித்து வந்த பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் மருத்துவத்தைவிட ஆங்கிலமே சுமை. பேச அஞ்சும் அவர்கள் எழுதுவதற்கு அஞ்சாமல் இருக்க வேண்டுமானால், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதலாம் என்று ஆசிரியர் அறிவித்தால் மட்டும் போதாது, முதல் பதிவை அவரே அப்படி எழுதிக் காட்ட வேண்டும். இலக்கணப் பிழையை மன்றத்தில் யாரும் திருத்தக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

ஆறாம் படி: கேஸைப் பகுதி பகுதியாகத் திறத்தல்

இணைய விவாதம் பிழைப்பதும் படுப்பதும் கேள்வியைப் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் அடிக்கடி பார்க்கும், ஆனால் மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம்; நுண்ணிய உண்ணி கடிப்பதால் பரவும் இந்நோயில் கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு தோன்றலாம். பின்வருவது கற்பிப்பதற்காகப் புனைந்த கேஸ்.

முதல் நாள் இவ்வளவு மட்டும் போடுங்கள்: ‘நாற்பதுகளில் உள்ள விவசாயக் கூலிப் பெண், எட்டு நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல். வெளியில் நான்கு நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. தட்டணுக்கள் 90,000, கல்லீரல் நொதிகள் சற்று உயர்வு.’ இதன் கீழே கேட்க வேண்டியது ‘நோய் என்ன?’ என்பது அல்ல. ‘நீங்கள் இவரிடம் கேட்க விரும்பும் மூன்று கேள்விகளையும் பரிசோதித்துப் பார்க்க விரும்பும் மூன்று இடங்களையும் எழுதுங்கள், ஒவ்வொன்றும் உங்கள் பட்டியலில் எந்த நோயை மேலே ஏற்றும், எதைக் கீழே இறக்கும் என்று சொல்லுங்கள்.’ நோயின் பெயரைக் கேட்டால் தேடுபொறியில் ஒரு நிமிடம். இப்படிக் கேட்டால் யோசித்தாக வேண்டும்.

பெரும்பாலானோர் டெங்கு என்பார்கள், தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன அல்லவா? சிலர் எலிக்காய்ச்சல், மலேரியா, டைபாய்டு என்பார்கள். மூன்றாம் நாள் இரண்டாவது பகுதியைத் திறங்கள்: ‘டெங்கு பரிசோதனையிலும் மலேரியா ஸ்மியரிலும் நோய் இல்லை என்று வந்தது. உடலில் வேறு ஒன்றும் காணவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது.’ கேள்வி: ‘ஒன்றும் காணவில்லை என்று எழுதியவர் எங்கெல்லாம் பார்த்திருப்பார், எங்கெல்லாம் பார்க்காமல் விட்டிருக்கலாம்?’ இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மௌனமே பாடம். ஆண் மருத்துவர், பெண் நோயாளி, கூட்டமான வார்டு, திரை இல்லை என்று ஒருவர் எழுதத் தொடங்கினால் அங்கிருந்து விவாதம் தானாக ஓடும்.

ஐந்தாம் நாள் மூன்றாவது பகுதி: பெண் மருத்துவர் ஒருவர் திரை போட்டு மறுபடியும் பார்த்தபோது மார்பின் கீழ்மடிப்பில் வலியில்லாத, சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. இப்போது நோய் எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆகவே கேள்வியை நகர்த்துங்கள்: செஃப்ட்ரையாக்சோன் ஏன் வேலை செய்யவில்லை? ஐ.ஜி.எம். எலைசா என்ற இரத்தப் பரிசோதனை முதல் சில நாட்களில் எதிர்மறையாக வந்தால், இந்நோய்க்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினை நிறுத்துவீர்களா? இவர் கர்ப்பிணியாக இருந்திருந்தால் எதைக் கொடுப்பீர்கள்? அசித்ரோமைசின் என்று எழுதுபவரிடம் காரணத்தையும் கேளுங்கள்.

முதுநிலை மாணவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். கடுமையான ஸ்கிரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சிரை வழியே சேர்த்துக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மேல் என்று பல இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2023இல் வெளியானது. இறப்பு, நீடிக்கும் சிக்கல்கள், நீடிக்கும் காய்ச்சல் மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது நன்மை தெரிந்தது. 28ஆம் நாள் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை. இதைப் படித்த நீங்கள் உங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழக்கத்தை மாற்றுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரையை வாசிக்கக் கற்றவர் யார், சுருக்கத்தோடு நிறுத்தியவர் யார் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: நெறிப்படுத்துதல்

ஆசிரியர் விடை சொன்ன நிமிடத்தில் விவாதம் முடிந்துவிடுகிறது. துறைத் தலைவர் ஒருமுறை வந்து “நல்ல முயற்சி, இது ஸ்கிரப் டைபஸ்தான்” என்று எழுதிவிட்டால் அதன்பின் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் கல்லூரிகளில் மூத்தவர் சொல்லுக்குப் பின் பேசுவதில்லை என்ற பழக்கம் அவ்வளவு ஆழமானது. எனவே தொடங்கும் முன்பே சக பேராசிரியர்களிடம், படியுங்கள், ஆனால் ஐந்தாம் நாள் வரை எழுத வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெறியாளர் நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், 20 நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் மறுமொழி எழுத வேண்டியதில்லை. எழுதும்போது ஒரு மாணவரின் கருத்தை இன்னொருவரிடம் அனுப்பிவைப்பதே வேலை. “டெங்குதான் என்று நினைக்கிறேன், சார்” என்று ஒருவர் எழுதினால், “தட்டணுக்களை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் நாளிலும் காய்ச்சல் இறங்கவில்லை என்பது டெங்குவின் போக்கோடு ஒத்துப்போகிறதா? குழுவில் வேறு யாராவது இதைப் பற்றி யோசித்தீர்களா?” என்று எழுதுங்கள். தவறு என்ற சொல் அங்கே இல்லை, ஆனால் தவறு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மருந்தின் அளவு, ஒவ்வாமை, கர்ப்ப காலத்தில் கூடாத மருந்து போன்றவற்றில் ஆபத்தான பிழை வந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றே, அதே இழையில், யாரையும் குறை சொல்லாமல் சரியான தகவலை எழுதுங்கள். பிழையான பதிவை அழித்துவிட்டால் அதை ஏற்கெனவே படித்தவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது. நோயாளியை அடையாளம் காட்டும் பதிவு வந்தால் மட்டும் உடனே நீக்குங்கள்.

எழுதாத மாணவரை மன்றத்தில் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். வார்டில் தனியே பார்க்கும்போது, “உள்ளே போக முடிகிறதாப்பா?” என்று கேட்டால், பாதிப் பேருக்குத் தொழில்நுட்பத் தடங்கல்தான் காரணம் என்பது தெரியவரும்.

எட்டாம் படி: முடித்து வைத்தல்

கோவையில் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆசிரியர்களுக்காக நடக்கும் ஃபைமர் மருத்துவக் கல்விப் பயிற்சியில், நேர்முக அமர்வுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பங்கேற்பாளர்கள் இணைய வழியே விவாதத்தைத் தொடர்கிறார்கள். அவர்களே குழுவாகச் சேர்ந்து தலைப்பை நடத்துகிறார்கள். மாணவர்களிடமும் இதைச் செய்து பார்க்கலாம். கடைசி நாளில் குழுவில் இருவர் ஒரு பக்கத் தொகுப்பு எழுதட்டும்: எங்கே தொடங்கினோம், எந்தத் தகவல் எங்கள் கருத்தை மாற்றியது, எது இன்னும் தீரவில்லை. ஆசிரியர் அதில் பிழை திருத்தி, தன் நிலைப்பாட்டை இப்போதுதான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை இந்தத் தொகுப்புக்குக் கொடுங்கள். இணையத்தில் எழுதியது வகுப்பில் யார் காதிலும் விழாமல் போய்விட்டால் இரண்டாவது கேஸுக்கு யாரும் வரமாட்டார்கள்.

ஒன்பதாம் படி: மதிப்பெண்ணும் செயற்கை நுண்ணறிவும்

மதிப்பெண் கொடுக்காவிட்டால் எழுதமாட்டார்கள் என்ற அச்சம் ஓரளவு உண்மை. பதிவுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுத்தால் ‘நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன்’ என்ற வரிதான் பெருகும். ஒரு கேஸுக்கு ஒரு சொந்தப் பதிவு, சக மாணவருக்கு ஒரு மறுமொழி என்று குறைந்தபட்சத்தை வைத்து, முடித்தாரா இல்லையா என்று லாக்புக்கில் குறித்தால் போதும். தரத்தைப் பார்க்க விரும்பினால் மூன்றே மூன்றைப் பாருங்கள்: காரணம் சொன்னாரா, கேஸின் தகவலை எடுத்துக்காட்டினாரா, இன்னொருவரின் கருத்துக்குப் பதில் கூறினாரா. கருத்தை மாற்றிக்கொண்ட மாணவருக்கு அதற்காகவே பாராட்டு எழுதுங்கள், ஏனென்றால் பட்டம் பெற்ற பிறகு நாம் அதை வெட்கமாக நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளால் எழுதிய பதிவுகள் வரும். அவை சுத்தமாக, பத்து நோய்களின் பட்டியலோடு, கேஸைத் தொடாமல் இருக்கும். காவல்காரர் வேலை பார்ப்பதைவிடக் கேள்வியை மாற்றுவது எளிது: ‘இந்த வாரம் நீங்கள் வார்டில் பார்த்த காய்ச்சல் நோயாளியோடு ஒப்பிட்டு எழுதுங்கள்’, ‘உங்கள் குழுவில் உங்களோடு மாறுபட்டவரின் வாதத்தை முதலில் அவர் ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள்’. அந்தக் கருவி தந்த விடையையே மன்றத்தில் ஒட்டி, அதில் ஆபத்தான வரி எது என்று கண்டுபிடிக்கச் சொல்வதும் நல்ல பயிற்சி. நோயாளியின் உண்மையான விவரத்தை எந்தக் கருவியிலும் உள்ளிடக் கூடாது என்பதை மட்டும் மறைவுரிமை விதிகளோடு சேர்த்து எழுதிவையுங்கள்.

அடுத்த வகுப்பு வருவதற்கு முன்

விவாதம் முடிந்த வாரத்திலேயே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். ஒப்புதலில் குறித்த காலம் முடிந்த நோயாளிப் படங்களை நீக்குங்கள். பழைய இழைகளை மாணவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவையுங்கள். சீனியர்களிடமிருந்து கேள்வித்தாள் கைமாறும் அதே வேகத்தில் கேஸின் விடையும் கைமாறும். எந்தக் கேள்விக்கு அதிக மறுமொழி வந்தது, எது அனாதையாகக் கிடந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, அனாதையாகக் கிடந்ததை மாற்றி எழுதுங்கள். ஸ்கிரப் டைபஸ் கேஸை மறுபடியும் போடுவதாக இருந்தால் நோயாளியை ஆணாக்கி, பொருக்கை இடுப்பு மடிப்புக்கு நகர்த்தி, தொடக்கத்தில் இருமலுக்குப் பதிலாக மஞ்சள் காமாலையை வையுங்கள்.